தெருவில் நடந்தவர்களைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்த டாக்டர்... யார் இந்த ஜேம்ஸ் பார்க்கின்சன்? நெய்வேலி நிலக்கரிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நெய்வேலி டவுன்ஷிப் ரோட்டுல காலையில வாக்கிங் போறவங்களுக்கு இந்தக் காட்சி புதுசா இருக்காது. வயசான ஒருத்தர் முன்பக்கமா லேசா குனிஞ்சபடி, குட்டிக் குட்டி அடியா வச்சு நடந்து வருவார். ஒரு கை வீசும், இன்னொரு கை உடம்போட ஒட்டியே இருக்கும். திரும்பணும்னா அப்படியே நின்னுடுவார். வீட்டுல கேட்டா, வயசாயிடுச்சுல்ல, அதான் தடுமாறுறார்னு சொல்வாங்க.

200 வருஷத்துக்கு முன்னாடி லண்டன் தெருவுல இதே மாதிரி நடந்தவங்களைப் பார்த்த ஒரு டாக்டர், இது வயசு இல்ல, ஒரு தனி நோய்னு முடிவு பண்ணார். அவர்தான் ஜேம்ஸ் பார்க்கின்சன். நடுக்குவாதம், உதறுவாதம்னு நாம சொல்ற நோய்க்கு இன்னைக்கு உலகம் முழுக்க இவர் பேர்தான். அவர் பிறந்த நாளான ஏப்ரல் 11, உலக பார்க்கின்சன் தினம்.

பேர் எல்லாருக்கும் தெரியும். ஆள் யாருன்னு கேட்டா பல டாக்டர்களுக்கே தெரியாது. அவர் அரசாங்கத்தை எதிர்த்து எழுதியவர். ராஜாவைக் கொல்ல நடந்ததா சொல்லப்பட்ட சதி வழக்குல விசாரிக்கப்பட்டவர். பூமிக்கு அடியில மரம் எப்படி நிலக்கரி ஆச்சுன்னு ஆராய்ச்சி பண்ணவர். நெய்வேலிக்காரங்க அவரைத் தெரிஞ்சுக்க இதுவே ஒரு நல்ல காரணம். வாங்க, விரிவா பார்க்கலாம்.

அப்பா வழியில் வந்த வைத்தியம்

1755 ஏப்ரல் 11. லண்டன் நகரத்தை ஒட்டி இருந்த ஹாக்ஸ்டன் ஸ்கொயர், 1ஆம் நம்பர் வீடு. அங்கதான் ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்தார். அப்பா ஜான் பார்க்கின்சன், அந்த ஏரியாவோட மருந்தாளர், அறுவை வைத்தியர். இன்னைக்கு இருக்கிற மாதிரி எம்.பி.பி.எஸ். படிப்பு அப்போ கிடையாது. அப்பாகிட்டயே தொழில் பழகினார். 1776ல் லண்டன் மருத்துவமனையில் சில மாதங்கள் பயிற்சி எடுத்தார்.

அடுத்த வருஷமே ஒரு சம்பவம். உயிர் போயிடுச்சுன்னு எல்லாரும் நினைச்ச ஒருத்தரை முதலுதவி கொடுத்து மீட்டார். அதுக்காக 1777ல் ராயல் ஹியூமேன் சொசைட்டி அவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. அப்போ அவருக்கு வயசு 22.

1784ல் அறுவை வைத்தியருக்கான தகுதிச் சான்று கிடைச்சது. அதே வருஷம் அப்பா இறந்துட்டார். தொழில் முழுசா ஜேம்ஸ் கைக்கு வந்தது. அடுத்த வருஷம் அந்தக் காலத்தோட பெரிய அறுவை மருத்துவரான ஜான் ஹன்டர் நடத்திய வகுப்புகளுக்குப் போனார். சுருக்கெழுத்து தெரிஞ்சவர்ங்கிறதால வகுப்பு மொத்தத்தையும் குறிப்பெடுத்து வச்சார். அந்தக் குறிப்புகளை அவர் இறந்த பிறகு அவரோட மகன் 1833ல் புத்தகமாவே வெளியிட்டார்.

ஹாக்ஸ்டன் அப்போ வேகமா மாறிட்டிருந்த இடம். தோட்டமும் வயலுமா இருந்த ஊர்ல ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கி வாழ ஆரம்பிச்சாங்க. அம்மை, காய்ச்சல், பசி எல்லாம் சேர்ந்தே வந்தது. பார்க்கின்சன் அங்கதான் கடைசி வரைக்கும் இருந்தார். ஏழைகள் விடுதிக்கும் வைத்தியம் பார்த்தார். அம்மைத் தடுப்பூசி வந்த புதுசுலயே அதை ஆதரிச்சவர்கள்ல இவரும் ஒருத்தர்.

பாமர மக்களுக்காகவே எளிமையான மருத்துவப் புத்தகங்களும் எழுதினார். கிராமத்து ஆளுங்களுக்கு ஒண்ணு, வேதியியல் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு, ஆபத்தான விளையாட்டுகள் பத்தி குழந்தைகளுக்கு ஒண்ணு. 1800ல மட்டும் இப்படிப் பல புத்தகங்கள் வந்தது. இன்னைக்கு நாம எக்ஸ்பிளெய்னர்னு சொல்றதை அவர் அப்பவே பண்ணிட்டிருந்தார்.

ராஜாவைக் கொல்ல சதியா? விசாரணையில் சிக்கிய டாக்டர்

1789ல் பிரெஞ்சுப் புரட்சி. பக்கத்து நாட்டுல ராஜாவோட தலையே போயிடுச்சு. இங்கிலாந்து அரசாங்கம் பயந்துபோய் இருந்த நேரம். அப்போதான் பார்க்கின்சன், ஓல்ட் ஹியூபர்ட்ங்கிற புனைபெயர்ல துண்டுப் பிரசுரங்கள் எழுத ஆரம்பிச்சார். ஏழைகள் மேல வரியைப் போட்டு நசுக்கக்கூடாது, சாதாரண மனுஷனுக்கும் ஓட்டு வேணும்ங்கிறதுதான் அவரோட நிலைப்பாடு. வாக்குரிமை கேட்டுப் போராடிய லண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டியிலும் உறுப்பினரா இருந்தார்.

1794ல் ஒரு பரபரப்பு. நாடகக் கொட்டகையில வச்சு மூன்றாம் ஜார்ஜ் மன்னரை விஷம் தடவின அம்பால், காற்றுத் துப்பாக்கி மூலமா கொல்லத் திட்டம் போட்டாங்கன்னு சிலரைக் கைது பண்ணாங்க. பாப்கன் சதின்னு அதுக்குப் பேர். கைதானவங்க பார்க்கின்சன் இருந்த சங்கத்தோட ஆட்கள். பார்க்கின்சனை மன்னரின் ஆலோசனைக் குழு கூப்பிட்டு விசாரிச்சது. பிரதமர் வில்லியம் பிட்டும் அங்க இருந்தார்.

அந்த நேரத்துல ஒருத்தரை விசாரணையே இல்லாம சிறையில வைக்க சட்டத்தில் இடம் இருந்தது. ஆனாலும் பார்க்கின்சன் பதறல. தன்னையே குற்றவாளியாக்குற கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லைன்னு உறுதி செஞ்சுக்கிட்ட பிறகுதான் பேசினார். அரசுக்கு எதிரா துண்டுப் பிரசுரம் எழுதினது நான்தான்னு ஒத்துக்கிட்டார். நண்பர்களைக் காட்டிக் கொடுக்கல. கடைசியில 1796ல் வழக்கு நிக்காமப் போச்சு.

அதுக்கப்புறம் அவர் அரசியலை மெல்ல ஒதுக்கிட்டு மருத்துவத்துலயும் அறிவியல்லயும் இறங்கினார்.

அவர் வாழ்க்கையில சறுக்கலும் உண்டு. ஹாக்ஸ்டன்ல தனியார் மனநல விடுதிகள் நிறைய இருந்தது. அதுல ஒண்ணுக்கு அவர் வைத்தியர். ஒரு பெண்ணைச் சரியா விசாரிக்காம அங்க அடைக்க அனுமதிச்சுட்டார்னு அவர் மேல கடுமையான விமர்சனம் வந்தது. 1811ல் அந்தச் சட்டத்துல என்ன குறைன்னு அவரே ஒரு பிரசுரம் எழுதி வெளியிட்டார்.

மரம் எப்படி கரி ஆச்சு? இங்கதான் நெய்வேலி வருது

பார்க்கின்சனுக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. கல்லாகிப் போன மரம், சிப்பி, எலும்பு, அதாவது தொல்லுயிர் எச்சங்களைச் சேகரிக்கிறது. வீட்டுலயே பெரிய சேகரிப்பு வச்சிருந்தார்.

1804, 1808, 1811னு மூணு பாகமா, பழைய உலகத்தின் உயிர் எச்சங்கள் பத்தி பெரிய நூல் எழுதினார். கடிதம் எழுதுற பாணியில, படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி. அதுல முதல் பாகம் முழுக்க தாவரங்கள் பத்தினது. மண்ணுக்குள்ள புதைஞ்ச மரம் எப்படி பீட் ஆகுது, எப்படி பழுப்பு நிலக்கரி ஆகுது, எப்படி நிலக்கரி ஆகுதுன்னு அதுல விளக்கினார். நிலக்கரிங்கிறது ஒரு காலத்துல உயிரோட இருந்த தாவரம்தான்ங்கிறது அவரோட வாதம். அதுக்கு ஒரு வகை நொதித்தல்தான் காரணம்னு அவர் சொன்ன விளக்கம் பின்னாடி நிக்கல. ஆனா அடிப்படை சரி.

இப்போ நெய்வேலிக்கு வருவோம். 1935ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டினப்போ தண்ணியோட கறுப்பா ஒரு பொருள் வந்தது. அதுதான் லிக்னைட், பழுப்பு நிலக்கரி. 1956ல் நிறுவனம் உருவாச்சு. 1957ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். இன்னைக்கு ராட்சத சக்கர இயந்திரம் வெட்டி எடுக்கிற அந்தக் கரி, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்த காடு. சில துண்டுகள்ல மரத்தோட நார் கண்ணுக்கே தெரியும்.

பார்க்கின்சன் நெய்வேலியைப் பார்த்ததில்ல. ஆனா இங்கிலாந்தோட டெவன் பகுதியில போவி நிலக்கரின்னு ஒண்ணு உண்டு. அதுவும் லிக்னைட்தான். மரமும் இல்லாம கரியும் இல்லாம நடுவுல நிக்கிற அந்தப் பொருள், மரம்தான் கரியாச்சுங்கிற அவரோட வாதத்துக்குக் கண்ணெதிர் சாட்சி மாதிரி இருந்தது.

1807 நவம்பர் 13ல் லண்டன்ல 13 பேர் சேர்ந்து உலகின் முதல் புவியியல் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தர் பார்க்கின்சன். அவர் உயிரோட இருந்தப்போ அவருக்குப் புகழ் தந்தது நடுக்குவாதம் இல்ல, இந்த ஆராய்ச்சிதான். லண்டன் அறுவை மருத்துவர்கள் கல்லூரி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்ததும் இதுக்காகத்தான். ஒரு தொல்லுயிர் நத்தை இனத்துக்கு இன்னைக்கும் அவர் பேர் இருக்கு.

1817: 66 பக்கம், 6 பேர்

1817. பார்க்கின்சனுக்கு வயசு 62. நடுக்குவாதம் பத்தி 66 பக்கத்துல ஒரு சின்ன புத்தகம் வெளியிட்டார். அதுல இருந்தது வெறும் 6 பேரோட கதை. எல்லாரும் 50 வயசைத் தாண்டினவங்க.

ஒருத்தர் தோட்டக்காரர். இன்னொருத்தர் நீதிபதி அலுவலகத்துல வேலை பார்த்தவர். இன்னொருத்தர் கப்பல் மாலுமி. இதுல ஆச்சரியம் என்னன்னா, இவங்க எல்லாரும் அவர்கிட்ட சிகிச்சைக்கு வந்தவங்க இல்ல. ரெண்டு பேரைத் தெருவுல எதேச்சையா பார்த்து, நிறுத்திப் பேசி, எப்போ ஆரம்பிச்சது, எப்படி ஆரம்பிச்சதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். ஒருத்தரைத் தூரத்துல இருந்து பார்த்ததோட சரி.

அதுக்கு முன்னாடி கை நடுக்கத்தை ஒரு நோயாவும், தள்ளாடி ஓடுற நடையை வேற ஒண்ணாவும்தான் பார்த்தாங்க. பார்க்கின்சன் ரெண்டையும் ஒரே கயித்துல கோத்தார். முதல்ல ஒரு கையில சும்மா இருக்கும்போது நடுக்கம் வரும். வருஷங்கள் போகப் போக அடுத்த கை, கால். அப்புறம் உடம்பு முன்னால சாயும். நடை ஓட்டமா மாறும். கடைசியில சாப்பிட, பேச, விழுங்கவே கஷ்டம் வரும். இது எல்லாம் தனித்தனி நோய் இல்ல, ஒரே நோயோட படிகள்னு அவர்தான் வரிசைப்படுத்திக் காட்டினார்.

கைத்தாங்கலா ஓடிய மனிதர்

அந்தப் புத்தகத்துல நம்மளை நிறுத்தி யோசிக்க வைக்கிறது அஞ்சாவது ஆள். பார்க்கின்சன் தூரத்துல இருந்து மட்டும் பார்த்த மனுஷன்.

அவர் நடக்கணும்னா உதவியாளர் ஒருத்தர் எதிர்ல நின்னு ரெண்டு தோளையும் பிடிச்சுக்கணும். அவர் முன்னும் பின்னும் லேசா ஆடி ஆடி, உடம்பை நிலைக்குக் கொண்டு வருவார். சரின்னு சொன்னதும் உதவியாளர் விலகிடுவார். உடனே இவர் ஓட்டமா கிளம்பிடுவார். நிறுத்தத் தெரியாது. ஒரு 20 அடி போனதும் விழுந்துடக்கூடாதுன்னு உதவியாளர் முன்னாடியே ஓடிப் போய்ப் பிடிச்சுக்கத் தயாரா இருப்பார்.

இன்னைக்கு நரம்பியல் டாக்டர்கள் இதை அப்படியே பிரிச்சு மூணு பேர் வச்சிருக்காங்க. கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி முதல் அடி எடுக்க முடியாம நிக்கிறது. ஆரம்பிச்ச பிறகு அடி சுருங்கி வேகம் கூடிட்டே போறது. சாயும்போது உடம்பைத் தானா நிமிர்த்திக்க முடியாம விழறது. ஸ்கேன் இல்ல, வீடியோ இல்ல. வெறும் கண்ணால, தூரத்துல இருந்து பார்த்து இவ்வளவையும் எழுதி வச்சுட்டார்.

அவரால் பார்க்க முடியாதது என்ன?

எல்லாத்தையும் சரியா சொல்லிட்டாரான்னு கேட்டா, இல்ல. நோய் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியல. அந்த 6 பேர்ல யாரோட மூளையையும் இறந்த பிறகு திறந்து பார்க்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைக்கல. கழுத்துப் பக்கம், தண்டுவடத்தோட மேல்பகுதியில கோளாறு இருக்கலாம்னு யூகிச்சார். தப்பு. கழுத்துல ரத்தம் வடிய விடலாம்னு சொன்ன வைத்தியமும் தப்பு. அறிவு, புலன்கள் பாதிக்காதுன்னு சொன்னதும் முழுசா சரியில்ல. பலருக்கு ஞாபக மறதியும், மனச்சோர்வும், வாசனை தெரியாமப் போறதும் வரும்னு இப்போ தெரியும்.

ஆனா தன்னோட முடிவு யூகம்தான்னு அவரே ஒத்துக்கிட்டார். உடற்கூறு தெரிஞ்சவங்க இதை எடுத்து ஆராயணும், அதுக்காகத்தான் அரைகுறையா இருந்தாலும் வெளியிடறேன்னு முன்னுரையிலேயே விளக்கினார்.

போட்டோவே இல்லாத பிரபலம்

1824 டிசம்பர்ல பார்க்கின்சனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போச்சு. டிசம்பர் 21ல் இறந்தார். வயசு 69. எந்த ஊர்ல பிறந்தாரோ அதே ஷோர்டிச் செயின்ட் லியோனார்ட் தேவாலயத்துல அடக்கம் பண்ணாங்க.

ஒரு ஃபேக்ட் செக் இங்க அவசியம். ஒவ்வொரு ஏப்ரல் 11க்கும் வாட்ஸ்அப்ல தாடி வச்ச ஒருத்தரோட கறுப்பு வெள்ளை போட்டோ சுத்தும், இவர்தான் டாக்டர் பார்க்கின்சன்னு. அது அவர் இல்ல. அதே பேர் கொண்ட வேற ஒருத்தர். புகைப்படக் கலை மக்கள் கைக்கு வந்ததே 1839ல். பார்க்கின்சன் இறந்து 15 வருஷம் கழிச்சு. அவரோட முகம்னு உறுதியா சொல்ற ஓவியம்கூட இதுவரை கிடைக்கல.

நோய்க்கு அவர் பேரை வச்சது யார்?

பார்க்கின்சன் வச்ச பேர் நடுக்குவாதம் மட்டும்தான். அவர் இறந்து சுமார் அரை நூற்றாண்டு கழிச்சு, பாரிஸ் நகர நரம்பியல் மேதை ஷான் மார்ட்டின் ஷார்கோ, எல்லா நோயாளிக்கும் நடுக்கம் இருக்கிறதில்லையே, அப்புறம் எதுக்கு அந்தப் பேர்னு யோசிச்சார். இந்த நோய்க்குப் பார்க்கின்சன் பேரையே வைக்கலாம்னு முன்வைச்சவர் அவர்தான். தசை இறுக்கமும், அசைவு மெதுவாகிறதும் தனித்தனி அறிகுறின்னும் அவர் பிரிச்சுக் காட்டினார்.

1919ல் கான்ஸ்டன்டின் ட்ரெட்டியாகோஃப், நடுமூளையில சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு சொல்ற கறுப்பு நிறப் பகுதி இந்த நோயாளிகளுக்கு வெளிறிப் போறதைக் காட்டினார். 1957ல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், டோபமைன்ங்கிற வேதிப்பொருள் மூளையில எவ்வளவு முக்கியம்னு கண்டுபிடிச்சார். 1960ல் வியன்னாவுல, பார்க்கின்சன் நோயாளிகளோட மூளையில அந்த டோபமைன் குறைஞ்சிருக்கிறது நிரூபணமாச்சு. 1967ல் லெவோடோபா மருந்து பெரிய அளவுல பலன் தர்றதை ஜார்ஜ் கோட்சியஸ் காட்டினார். இன்னைக்கும் முக்கிய மருந்து அதுதான்.

இந்தக் கதையில மெட்ராசுக்கும் இடம் இருக்கு. 1937ல் மெட்ராஸ் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்துல தாமோதரன், ராமசாமி ஆகிய ரெண்டு பேர், நம்ம ஊர் பூனைக்காலி விதையில இருந்து அதே லெவோடோபாவைப் பிரிச்சு எடுத்து, வெளியிட்டாங்க. நெய்வேலியில கிணத்துல கரி வந்து ரெண்டே வருஷம் கழிச்சு. அது மூளை நோய்க்கு மருந்தாகும்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. இதைப் படிச்சுட்டு யாரும் பூனைக்காலிப் பொடியை வாங்கிச் சாப்பிட ஆரம்பிச்சுடாதீங்க. அளவு தெரியாம, ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரையோட சேர்ந்தா ஆபத்து.

1950ல் டாக்டர் பி.ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். நடுக்குவாதத்துக்கு மூளைக்குள்ள குறிபார்த்து செய்யும் அறுவை சிகிச்சையில பின்னாடி அந்தக் குழு பேர் வாங்கியது.

ஸ்கேன் எடுத்தா பார்க்கின்சன் தெரியுமா?

இதுதான் பலரும் கேட்கிற கேள்வி. பதில்: சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் தெரியாது. ரிப்போர்ட் நார்மல்னு வரலாம். அதுக்காக நோய் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அப்புறம் எதுக்கு ஸ்கேன்? அதே மாதிரி நடக்க வைக்கிற வேற நோய்களைப் பிரிச்சுப் பார்க்க. முக்கியமா, தடுமாறி விழறவங்களுக்கு.

பார்க்கின்சன் மாதிரியே தெரியும் நோய்கள் சிலது இருக்கு. மொத்தமா பார்க்கின்சோனிசம்னு சொல்வாங்க.

பி.எஸ்.பி. நோய்: ஆரம்பிச்ச முதல் வருஷத்துலயே, பெரும்பாலும் பின்பக்கமா விழுவாங்க. கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்க முடியாது, அதனால படி இறங்கக் கஷ்டம். எம்.ஆர்.ஐ.யைப் பக்கவாட்டுல பார்த்தா நடுமூளை சுருங்கி, நீள மூக்கு வச்ச ஹம்மிங்பேர்ட் குருவி மாதிரி தெரியும்.

எம்.எஸ்.ஏ. நோய்: எழுந்து நின்னதும் ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கும். சிலருக்கு மூளைத்தண்டுப் படத்துல சிலுவை போட்ட பன் மாதிரி ஒரு கோடு தெரியும்.

மூளையில நீர் தேங்குறது: கால் தரையில காந்தம் மாதிரி ஒட்டும், சிறுநீர் அடக்க முடியாது, மறதி வரும். ஸ்கேன்ல நீர் அறைகள் பெருசா தெரியும். சரியான ஆளுக்கு, குழாய் வச்சு நீரை வடிச்சா நடை தேறும். அதனால இதைத் தவற விடவே கூடாது.

சின்னச் சின்ன பக்கவாதங்கள்: சுகர், பி.பி. உள்ளவங்களுக்கு மூளையில பல இடத்துல சின்ன அடைப்பு வந்தா, இடுப்புக்குக் கீழதான் தடுமாற்றம் அதிகமா இருக்கும்.

இதைத் தவிர அணுமருத்துவ ஸ்கேன் ஒண்ணு இருக்கு. டோபமைன் நரம்பு முனைகளைக் காட்டுறது. நம்ம நாட்டுல ட்ரோடாட் ஸ்கேன்ங்கிற பேர்ல எடுக்கிறாங்க. நல்ல மூளையில அந்தப் பகுதி ரெண்டு காற்புள்ளி மாதிரி பளிச்னு தெரியும். நோய் வந்தா வால் பகுதி அழிஞ்சு முற்றுப்புள்ளி மாதிரி ஆயிடும். பார்க்கின்சனா, வேற சாதாரண நடுக்கமான்னு பிரிக்க இது உதவும். ஆனா பார்க்கின்சனா, பி.எஸ்.பி.யா, எம்.எஸ்.ஏ.வான்னு இது மட்டும் சொல்லிடாது. மூணுலயும் புள்ளிதான் தெரியும். அப்போ மூளையில எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரை எடுத்துக்குதுன்னு காட்டுற பெட் ஸ்கேன் உதவலாம்.

மாத்திரை போட்டும் ஏன் விழறாங்க?

நிறைய வீட்டுல இருக்கிற குழப்பம் இது. மாத்திரை போட்டதும் கை நடுக்கம் குறையுது, சட்டைப் பட்டன் போட முடியுது. ஆனா விழறது நிக்கல. மருந்து சரியில்லையா?

2009ல் அமெரிக்காவோட மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விழுந்த நோயாளிகள், விழாத நோயாளிகள்னு பிரிச்சு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. டோபமைன் இழப்புல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வித்தியாசம் இருந்தது அசிட்டைல்கோலின்ங்கிற இன்னொரு வேதிப்பொருள்ல. விழுந்தவங்களுக்கு அதோட செயல்பாடு குறைஞ்சிருந்தது.

நிமிர்ந்து நிக்கிறது, கவனத்தோட நடக்கிறது இதுக்கெல்லாம் மூளைத்தண்டுல இருந்து போற அந்த வேற இணைப்பும் வேணும். லெவோடோபா டோபமைனை மட்டும்தான் நிரப்பும். அதனாலதான் நடுக்கத்துக்குக் கேட்கிற மருந்து, சமநிலைக்கு அவ்வளவா கேட்கறதில்ல. இது நோயாளியோட அலட்சியமும் இல்ல, வீட்டுக்காரங்க கவனிக்காததும் இல்ல.

இந்த ஆராய்ச்சியில ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஸ்கேன் எடுக்கணும்னா ஆடாம படுக்கணும். ஆனா பிரச்சினை வர்றது நடக்கும்போது. அதனால சில ஆய்வாளர்கள் படுத்தபடியே நடக்கிற மாதிரி மனசுல நினைக்கச் சொல்லி ஸ்கேன் எடுக்கிறாங்க. சிலர் மருந்தை ஊசியில ஏத்தி, நடக்க விட்டு, அப்புறம் படுக்க வச்சுப் படம் எடுக்கிறாங்க. பார்க்கின்சனால நடையைப் பார்க்க முடிஞ்சது, மூளையைப் பார்க்க முடியல. ஸ்கேன் மூளையைப் பார்க்குது, ஆனா நடையைப் பார்க்கக் கஷ்டப்படுது. ரெண்டும் சேர்ந்தாதான் நோய் பிடிபடும்.

நெய்வேலியில் உங்க வீட்டுல ஒருத்தர் இப்படி நடந்தா?

சுரங்கத்துலயும் அனல்மின் நிலையத்துலயும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பல குடும்பங்கள் இப்போ இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர்னு குடியிருக்காங்க. 60, 70 வயசுல தடுமாற்றம் வந்தா, வயசுன்னு விட்டுடாம இதைக் கவனிங்க:

1. எப்போ ஆரம்பிச்சது, எந்தப் பக்கம் முதல்ல, முன்னால விழறாங்களா பின்னாலயான்னு ஒரு நோட்டுல எழுதுங்க. நடக்கிறதை, திரும்புறதை போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. டாக்டருக்கு இது ரொம்ப உதவும்.

2. தலைசுத்தல், வாந்திக்கு மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடுறாங்களான்னு பாருங்க. சின்னரிசின், மெட்டோகுளோப்ரமைடு மாதிரி மருந்துகள் வயசானவங்களுக்கு நீண்ட நாள் கொடுத்தா, அதுவே பார்க்கின்சன் மாதிரி நடையைக் கொண்டு வரலாம். பெரும்பாலும் மருந்தை நிறுத்தினா தேறும். ஆனா நீங்களா நிறுத்தாம, சீட்டை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட கேளுங்க.

3. முதல் வருஷத்துலயே அடிக்கடி விழுந்தா, நரம்பியல் டாக்டரைப் பார்த்தே ஆகணும். நெய்வேலியில இருந்து புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ரெண்டுலயும் நரம்பியல் துறை இருக்கு.

4. தலையில அடிபட்டு விழுந்த பிறகு, சில நாள், சில வாரம் கழிச்சு தூக்கக் கலக்கமோ குழப்பமோ வந்தா உடனே ஸ்கேன் எடுக்கணும். வயசானவங்களுக்கு ரத்தக் கசிவு மெதுவாதான் தெரியும்.

5. டாக்டர் பின்னால நின்னு தோளைப் பிடிச்சு இழுத்துப் பார்ப்பார். அந்தச் சோதனையை வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க.

6. பாத்ரூம்ல கைப்பிடி, ராத்திரி லைட், வழுக்காத தரை. நடந்துட்டே பேச வேண்டாம், போன் எடுக்க வேண்டாம். கால் ஒட்டிக்கிற இடத்துல தரையில கலர் டேப் குறுக்கா ஒட்டி, அதைத் தாண்டுற மாதிரி நடக்கச் சொல்லுங்க. கால் தானா எழும்பும். திரும்பும்போது வட்டமா திரும்பணும்.

நாளைக்குக் காலையில ரோட்டுல அந்தக் குட்டி அடி நடையைப் பார்த்தா, ஒரு நிமிஷம் நில்லுங்க. எப்போ இருந்து இப்படி இருக்குன்னு கேளுங்க. ஹாக்ஸ்டன் தெருவுல பார்க்கின்சன் முதல்ல செஞ்சதும் அவ்வளவுதான்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சைக்கு டாக்டரை அணுகவும்.)